கஞ்சிப்பாசியிலிருந்து அகர் எடுக்க நினைப்பவர்களுக்கு: நான் பட்ட பாடும் ஒரு வழித்தடமும்

கடல்பாசியிலிருந்து ஏதாவது சரக்கு எடுத்து விற்கலாம் என்று நினைக்கும் பலர் என்னிடம் கேட்பது செய்முறையைத்தான். செய்முறையை ஒரு வாரத்தில் கற்றுக்கொள்ளலாம். எனக்கு ஒன்றரை வருடம் போனது மற்றவற்றில்: தவறான பாசி, தவறான பாத்திரம், உப்புத் தண்ணீர், நேரம் தப்பி எடுத்த உரிமங்கள். இராமநாதபுரத்துக்கு வெளியே வீட்டின் பின்கட்டில் சிறிய அளவில் அகர் எடுக்கிறேன். ரமலான் நோன்புக் காலத்தில் கீழக்கரை வீடுகளில் பாலில் காய்ச்சித் துண்டு போடுவார்களே, கடைகளில் சைனா கிராஸ் என்று விற்பார்களே, அந்த வெள்ளை இழைதான் அகர். புதிதாக வருகிறவர்கள் என் அளவுக்குப் பணமும் நாளும் இழக்க வேண்டாம் என்பதற்காக இதை எழுதுகிறேன்.

1. எந்தச் சரக்கு என்று முதலில் முடிவு செய்யுங்கள்

பாசி ஒன்றல்ல. மண்டபம், பாம்பன், வேதாளை, ஏர்வாடிப் பக்கம் கரைக்கு வருவதில் நான்கு பெயர்கள் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். மரிக்கொழுந்தும் கஞ்சிப்பாசியும் அகருக்கு. கட்டக்கோரையும் பக்கோடாப் பாசியும் அல்ஜினேட் என்ற கெட்டிப்படுத்தும் பொருளுக்கு. இவை தவிர மூங்கில் மிதவையில் வளர்ப்பது கப்பாஃபைகஸ், ஊரில் பெப்சிப் பாசி என்பார்கள். அதிலிருந்து கராஜீனன் என்ற இன்னொரு கெட்டிப்படுத்தும் பொருளும், பயிருக்குத் தெளிக்கும் சாறும் எடுக்கிறார்கள்.

புதியவர்கள் எல்லோரும் முதலில் ஓடுவது அந்தச் சாற்றுக்கு. நானும் ஓடினேன். பச்சைப் பாசியை அறுவடை செய்த அன்றே கழுவி, அரைத்து, வடித்தால் சாறு வந்துவிடும். காய்ச்சவே வேண்டாம். ஆனால் புட்டியில் அடைத்து விவசாயிக்கு விற்கத் தொடங்கிய நிமிடத்திலிருந்து அது உரக் கட்டுப்பாட்டு ஆணைக்குள் வருகிறது. 2021 பிப்ரவரியில் கடல்பாசிச் சாறு உள்ளிட்ட உயிரூக்கிகளை (பயிர் வளர்ச்சியைத் தூண்டும் பொருள்களை) அந்த ஆணையில் சேர்த்துவிட்டார்கள். ஆணையின் ஆறாவது அட்டவணையில் இடம்பெற வேண்டும் என்றால் எலி, முயல், மீன், தேனீ, மண்புழு, பறவை வரை நச்சுத்தன்மைச் சோதனை வேண்டும். மூன்று வெவ்வேறு வேளாண் சூழல் இடங்களில் குறைந்தது ஒரு பருவம் வயல் சோதனை வேண்டும். ஈயம், காட்மியம், ஆர்சனிக் போன்றவற்றுக்கு வரம்பு உண்டு. இடையில் கொடுத்துவந்த தற்காலிகப் பதிவும் 2025 ஜூனோடு முடிந்துவிட்டது. இதெல்லாம் பெரிய கம்பெனிக்குத் தாங்கும், பின்கட்டுத் தொழிலுக்குத் தாங்காது. உங்கள் சொந்த வயலுக்கு எடுத்துத் தெளிப்பதானால் தாராளமாகச் செய்யுங்கள். விற்பதற்காக என்றால் தனியாளாக அதில் கால் வைக்காதீர்கள்.

மாத்திரை, பொடி, "தைராய்டுக்கு நல்லது" என்ற சங்கதிகளும் அப்படித்தான். அது ஊட்டச்சத்துப் பொருள் வகை, உரிமமும் ஆய்வும் வேறு.

அகர் எடுப்பதுதான் இவற்றில் கைவேலை அதிகமானது. ஆனால் அது சாதாரண உணவுப் பொருள், காகித வேலை ஒரு ஆள் முடிக்கிற அளவில் இருக்கிறது. அதனால் இந்தக் கட்டுரை அகரைப் பற்றி மட்டும்.

2. பாசி வாங்குவது

மரிக்கொழுந்தில் அகர் நன்றாக இறுகும், காரம் (காஸ்டிக் சோடா) போட வேண்டியதில்லை. ஆனால் அது பாறையில் மெதுவாக வளர்வது, பெண்கள் கடலில் மூழ்கிக் கையால் பறிப்பது, கிடைப்பது குறைவு, விலையும் கூடுதல். கஞ்சிப்பாசி மலிவு. ஆனால் அப்படியே காய்ச்சினால் அகர் தொளதொளவென்று நிற்கும். என் முதல் இரண்டு தொகுதிகள் கத்தியால் வெட்ட முடியாத கூழாகப் போனதற்கு இதுதான் காரணம். கஞ்சிப்பாசி வாங்கினால் நான்காம் படியில் சொல்லும் கார வேலையைத் தவிர்க்கவே முடியாது என்று தெரிந்து வாங்குங்கள்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை சில. முதலாவது மணல். காய்ந்த பாசி என்று எடை போடுவதில் மணல், உப்பு, சிப்பித் துண்டு, வேறு பாசி எல்லாம் சேர்ந்திருக்கும். பாம்பன் பக்கத்து அக்கா ஒருவர்தான் எனக்கு இதைச் சொல்லிக் கொடுத்தார்: "தம்பி, மூட்டையைத் தூக்கித் தரையில ஒரு தட்டுத் தட்டு. கீழ கொட்டுறதுக்கும் சேத்துத்தான் காசு குடுக்குற." மூட்டை வாங்குவதற்கு முன் ஒரு கிலோ மட்டும் வாங்கி, நல்ல தண்ணீரில் கழுவி, மறுபடி காயவைத்து நிறுத்துப் பாருங்கள். எனக்கு முதல் வியாபாரியிடம் 1 கிலோவுக்கு 580 கிராம்தான் மிஞ்சியது. இப்போது 700 கிராமுக்குக் குறைந்தால் வாங்குவதில்லை.

இரண்டாவது ஈரம். கையில் பிடித்தால் முறுக்கென்று ஒடிய வேண்டும். வளைந்தால் ஈரம் இருக்கிறது, மூட்டைக்குள் புழுங்கிவிடும். புழுங்கிய பாசியில் அகர் வலுவிழந்து போகும், எந்த வைத்தியத்தாலும் அதைத் திருப்ப முடியாது.

மூன்றாவது, எங்கிருந்து வந்தது என்பது. மண்டபத்திலிருந்து தூத்துக்குடி வரை உள்ள 21 தீவுகளும் மன்னார் வளைகுடா கடல் தேசியப் பூங்கா. அங்கே பாசி எடுப்பது சட்டப்படி தடை. தொழில் செய்கிறவர் கண்ணை மூடிக்கொண்டு வாங்கினால் அந்தப் பழி பாசி பறிக்கும் பெண்கள் தலையில்தான் விழுகிறது. வாங்கும் ஒவ்வொரு மூட்டைக்கும் ஊர்ப் பெயர், தேதி, எடை எழுதிய ரசீது கேளுங்கள். மகளிர் குழுவிடமோ கூட்டுறவுச் சங்கத்திடமோ நேரடியாக வாங்கினால் ரசீதும் கிடைக்கும், காசும் போய்ச் சேர வேண்டிய இடத்தில் சேரும். எந்த நாளில் கேட்டாலும் பாசி கிடைக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். பல ஊர்களில் பெண்களே மாதத்தில் இத்தனை நாள்தான் கடலுக்குப் போவது என்று கட்டுப்பாடு வைத்திருக்கிறார்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையான மீன்பிடித் தடைக்காலத்திலும் வரத்து சுருங்கும். அந்த நேரத்தில் "நாளைக்கே வேண்டும்" என்று நெருக்காதீர்கள்.

நன்றாகக் காய்ந்த பாசி காற்றுப் புகாத பையில் மாதக்கணக்கில் கெடாமல் இருக்கும். பிப்ரவரி, மார்ச்சில் வாங்கி வைத்துக்கொள்வது என் பழக்கம்.

3. தண்ணீர், இடம், பாத்திரம்

நம் மாவட்டத்தில் இந்தத் தொழிலின் உண்மையான மூலப்பொருள் தண்ணீர். ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் பெரும்பாலும் உவர்ப்பு. அதில் கழுவினால் பாசியிலிருந்து ஒரு உப்புப் போய் இன்னொரு உப்பு ஏறும், அகரில் சாம்பல் அளவு (எரித்தால் மிஞ்சுவது) கூடும், வாங்குபவர் திருப்பி அனுப்புவார். எனக்கு ஒரு முறை 4 கிலோ சரக்கு அப்படித் திரும்பி வந்தது.

மணல் போகும் முதல் அலசல் எந்தத் தண்ணீரிலும் இருக்கலாம். கடைசி இரண்டு அலசலும் காய்ச்சும் தண்ணீரும் மட்டும் நல்ல தண்ணீராக இருக்க வேண்டும். 5 கிலோ பாசிக்கு எனக்கு ஏறக்குறைய 400 லிட்டர் ஆகிறது, அதில் நல்ல தண்ணீர் 200 லிட்டர். வண்டித் தண்ணீர் வாங்குவதாக இருந்தால் இந்தக் கணக்கை முதலிலேயே போட்டுப் பாருங்கள். தண்ணீருக்கு ஒரு ஆய்வக அறிக்கையும் எடுத்து வையுங்கள், உணவு உரிமத்துக்குப் பின்னால் உதவும்.

இடம்: கடற்கரையில் கொட்டகை போட்டால் பாசி ஏற்றும் செலவு மிச்சம் என்று தோன்றும். உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டருக்குள் புதுக் கட்டுமானம் என்றால் கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகள் குறுக்கே வரும். காய்ந்த பாசி எடை குறைவானது, ஊருக்குள் கொண்டுவருவதே லாபம்.

பாத்திரம்: எவர்சில்வர் மட்டும். கல்யாண வீட்டு அலுமினிய அண்டாவை மலிவாக வாங்கி அதில் காஸ்டிக் சோடாவை ஊற்றினேன். பொங்கி நுரைத்துக் கருத்துப்போனது. அலுமினியமும் காஸ்டிக்கும் சேர்ந்தால் ஹைட்ரஜன் வாயு வரும், பக்கத்தில் அடுப்பு எரிந்தால் விபத்துதான். அந்த நாளை நினைத்தால் இப்போதும் எனக்கு உள்ளங்கை வியர்க்கிறது. தயவுசெய்து இந்த ஒரு விஷயத்தில் சிக்கனம் பார்க்க வேண்டாம்.

மற்றபடி 100 லிட்டர் எவர்சில்வர் அண்டா இரண்டு, வெப்பமானி, பிஎச் தாள், இரண்டு மடிப்பு மல் துணிப் பை, எவர்சில்வர் தட்டுகள், கண்ணைக் காக்கும் பாதுகாப்புக் கண்ணாடி, முழங்கை வரை வரும் ரப்பர் கையுறை, ஒரு டீப் ஃப்ரீசர். எனக்கு எல்லாம் சேர்ந்து 52,000 ரூபாய் ஆனது, ஃப்ரீசர் பழையது.

4. கழுவுதலும் கார வேலையும்

முதல் நாள் 5 கிலோ பாசியை மூன்று அலசு அலசி, சிப்பியும் வேறு பாசியும் பொறுக்கி எடுத்து, இரவு முழுக்க ஊறவிடுங்கள். பொறுக்கும் வேலைக்கு இரண்டு பேருக்கு அரை நாள் ஆகும். அதைச் சுருக்க முடியாது.

மறுநாள் காலை 50 லிட்டர் தண்ணீரில் ஒன்றரைக் கிலோ காஸ்டிக் சோடா. அதாவது 3 சதவீதக் கரைசல். எப்போதும் தண்ணீரில்தான் காஸ்டிக்கைச் சிறிது சிறிதாகப் போட வேண்டும். காஸ்டிக்கின் மேல் தண்ணீர் ஊற்றினால் கொதித்து முகத்தில் அடிக்கும். இதில் பாசியைப் போட்டு 80 முதல் 90 டிகிரிக்குள் ஒரு மணி நேரம் வைத்திருங்கள். பாசியில் உள்ள கந்தகக் கூறு கழிந்து, பின்னால் அகர் கெட்டியாக இறுகுவது இந்த ஒரு மணி நேரத்தால்தான். வெப்பம் குறைந்தால் காரம் வேலை செய்யாது, அதிக நேரம் வைத்தால் அகரே கரைந்து வீணாகும். வெப்பமானியை எடுக்காமல் பக்கத்திலேயே நில்லுங்கள்.

பழைய கரைசலைக் கொட்ட வேண்டாம். மூடி போட்ட பிளாஸ்டிக் டிரம்மில் வைத்து, கொஞ்சம் காஸ்டிக் கூட்டி, அடுத்த இரண்டு தொகுதிக்குப் பயன்படுத்தலாம். கழுவிய தண்ணீரை அப்படியே மண்ணில் விட்டால் கிணறு கெடும், தென்னை கருகும். ஒரு தொட்டியில் சேர்த்து, பிஎச் 7 பக்கம் கொண்டுவந்த பிறகே வெளியே விடுங்கள்.

அப்புறம் பாசியை அலசிக்கொண்டே இருங்கள். பிஎச் தாள் 8-க்குக் கீழே காட்டும் வரை. கடைசி அலசலில் சில சொட்டு அசிட்டிக் அமிலம் விட்டு அரை மணி நேரம் ஊறவைத்து மறுபடி ஒரு அலசு. அமிலம் கூடினால் காய்ச்சும்போது அகர் அறுந்து வலு போய்விடும். 6.5-க்கும் 7-க்கும் நடுவில் நிறுத்துங்கள்.

மரிக்கொழுந்து வாங்கியவர்கள் காஸ்டிக் பகுதியை விட்டுவிட்டு, கழுவி ஊறவைத்து நேராக அடுத்த படிக்குப் போகலாம்.

5. காய்ச்சி வடித்தல்

பாசியை விழுதாக இடித்தோ அரைத்தோ 70 லிட்டர் நல்ல தண்ணீரில் போட்டு, கொதிநிலைக்குச் சற்றுக் கீழே இரண்டு மணி நேரம். அடிக்கடி கிளற வேண்டும், அடிப்பிடித்தால் நிறமும் வாடையும் போகாது.

வடிப்பதுதான் இந்த வேலையிலேயே கடினமானது. அகர் 85 டிகிரிக்கு மேல்தான் உருகும், ஆனால் 35, 40 டிகிரிக்கு வந்தால் இறுகிவிடும். துணிப் பையில் ஊற்றிக் காத்திருந்தால் விளிம்பிலிருந்து உறைந்து துணியை அடைத்துக்கொள்ளும். நான் செய்வது: வடிக்கும் பாத்திரத்தை இன்னொரு கொதிநீர் அண்டாவுக்குள் இறக்கி வைத்து, 10 லிட்டர், 10 லிட்டராக ஊற்றிப் பிழிவது. பிழிய மரக் கட்டைகள் இரண்டு. வெறுங்கை கூடாது, ரப்பர் கையுறைக்கு மேல் துணிக் கையுறை போட்டும் எனக்கு இரண்டு முறை கொப்பளித்திருக்கிறது. வடிகட்டியதை தட்டுகளில் இரண்டு அங்குல உயரத்துக்கு ஊற்றி, கொசுவலை மூடி, இரவு முழுக்க அசைக்காமல் விடுங்கள்.

காலையில் விரலால் அழுத்திப் பாருங்கள். தட்டைக் கவிழ்த்தால் முழுத் துண்டாக விழ வேண்டும். உடைந்து வழிந்தால் கார வேலையில் தவறு. அதை உறைய வைத்து மின்சாரத்தை வீணாக்காமல் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

6. உறைய வைத்தல்

இறுகிய கட்டியில் நூற்றுக்கு ஒரு பங்குதான் அகர், மீதி தண்ணீர். உறைய வைத்து உருக்கும்போது அந்தத் தண்ணீரோடு உப்பும் நிறமும் கசிந்து ஓடிவிடும், பஞ்சு போல வெள்ளை இழை மிஞ்சும்.

ஃப்ரீசர் வாங்குவதில் என்னைப் போல ஏமாறாதீர்கள். 300 லிட்டர் ஃப்ரீசர் என்றால் 300 லிட்டரை உறைய வைக்கும் என்று நினைத்து வாங்கினேன். அது ஏற்கனவே உறைந்த ஐஸ்கிரீமைக் காப்பதற்கானது. 60 லிட்டர் கட்டியை ஒரே நாளில் அடுக்கியபோது மூன்று நாளாகியும் நடுப்பகுதி உறையவில்லை, ஓரம் மட்டும் உறைந்து இழை சிதைந்தது. இப்போது கட்டியை விரல் தடிமனில் வெட்டி, ஒரு நாளைக்கு 20 லிட்டருக்கு மேல் வைப்பதில்லை. தட்டுகளுக்கு இடையில் காற்றுப் போக இடைவெளி விடுகிறேன். 60 லிட்டர் உறைவதற்கு 8 யூனிட் பக்கம் மின்சாரம் ஆகிறது. மெதுவாக உறைவது இழைக்கு நல்லது, ஆனால் உள்வரை உறைய வேண்டும்.

கார வேலை சரியாக வந்த கஞ்சிப்பாசிக் கட்டியை உறைய வைக்கும் முன் துணியில் பொதிந்து பாரம் ஏற்றி ஒரு நாள் அழுத்தி வைக்கலாம். தண்ணீரில் நல்ல பங்கு வடிந்துவிடும், ஃப்ரீசர் வேலை குறையும். பாரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள், ஒரேயடியாக ஏற்றினால் துணி வழியாக அகரே பிதுங்கும்.

7. உலர்த்துவதும் சோதிப்பதும்

உருக்கிய இழையை நல்ல தண்ணீரில் ஒரு முறை நனைத்து, வலையில் பரப்பி வெயிலில். மூன்று நாள் வெயில் போதும். ஆனி, ஆடிக் காற்றில் நம் பக்கம் மணல் பறக்கும், அதனால் மேலேயும் கீழேயும் வலை கட்டிய சட்டம் வேண்டும். இரவில் உள்ளே எடுத்துவிடுங்கள், பனி இறங்கினால் மஞ்சளாகிவிடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் இந்த வேலையைத் தொடங்கவே கூடாது. முதல் வருடம் தொடங்கி, பூசணம் பிடித்த ஒரு முழுத் தொகுதியைக் குழி தோண்டிப் புதைத்தேன்.

வீட்டிலேயே செய்யும் சோதனை: ஒன்றரை கிராம் அகரை 100 மில்லி தண்ணீரில் முழுதாகக் கரையும் வரை கொதிக்க வைத்து, இரவு வைத்துக் காலையில் பாருங்கள். தெளிவாக, வாடையில்லாமல், வெட்டினால் கூர்முனை நிற்க வேண்டும். மூன்று தொகுதி தொடர்ந்து இப்படி வந்த பிறகே ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். ஒவ்வொரு தோல்விக்கும் ஆய்வகக் கட்டணம் கட்டினால் கட்டுப்படியாகாது. ஆய்வகத்தில் ஈரப்பதம், மொத்தச் சாம்பல், அமிலத்தில் கரையாத சாம்பல், ஈயம், ஆர்சனிக், நுண்ணுயிர் எண்ணிக்கை, இறுகு வலு கேளுங்கள். உணவுத்தர அகருக்குச் சர்வதேச வரையறையில் ஈரம் 22 சதவீதத்துக்கும், மொத்தச் சாம்பல் 6.5 சதவீதத்துக்கும், அமிலத்தில் கரையாத சாம்பல் 0.5 சதவீதத்துக்கும் மேல் போகக் கூடாது. கடைசியில் சொன்னது கூடினால் மணல் போகவில்லை என்று பொருள், கழுவும் படிக்குத் திரும்பிப் போங்கள்.

வாழைக் கன்று திசு வளர்ப்புக் கூடங்களும் அகர் வாங்கும். அவர்கள் கேட்கும் தூய்மையை முதல் வருடத்தில் எட்ட முடியாது. முதலில் சமையலுக்கான சந்தையில் நில்லுங்கள்.

8. காகிதங்கள், எடுக்க வேண்டிய வரிசையில்

பான், ஆதார், இடத்துக்கான பத்திரம் அல்லது வாடகை ஒப்பந்தம், சமீபத்திய மின் கட்டண ரசீது, புகைப்படம், தண்ணீர் ஆய்வறிக்கை. இவற்றை ஒரே கோப்பில் ஸ்கேன் செய்து வையுங்கள். எல்லா இடத்திலும் பெயரின் எழுத்தும் முன்னெழுத்தும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஆதாரில் ஒரு விதம், பானில் ஒரு விதம் என்று எனக்கு இருந்ததில் ஐந்து வாரம் போனது.

குறு, சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவு முதலில். அரசுத் தளத்தில் முற்றிலும் இலவசம், அரை மணி நேரத்தில் முடியும். தேடினால் அதே மாதிரித் தோற்றத்தில் பணம் கேட்கும் தனியார் தளங்கள் முன்னால் வரும். ஒன்றில் நான் 2,500 ரூபாய் கட்டிவிட்டேன். முகவரி அரசுத் தளத்துக்குரிய முடிவோடு இருக்கிறதா என்று பார்க்காமல் எதையும் நிரப்பாதீர்கள்.

அடுத்து மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். காஸ்டிக் போடாத மரிக்கொழுந்து முறைக்கும், காஸ்டிக் போடும் முறைக்கும் அவர்கள் பார்வை வேறுபடலாம். உங்கள் செய்முறை, ஒரு நாளைக்கு எத்தனை லிட்டர் கழிவு நீர், அதை எப்படிச் சமன் செய்கிறீர்கள் என்று ஒரு பக்கத்தில் எழுதி மாவட்ட அலுவலகத்தில் கொடுத்து, மாசு அளவை வைத்துப் பிரிக்கும் வண்ணப் பிரிவுகளில் எதில் வருகிறோம், வாரியத்தின் இசைவு வேண்டுமா என்று எழுத்தில் பதில் வாங்குங்கள். வாய்வார்த்தையாக "சின்ன யூனிட்தானே, வேண்டாம்" என்று யாரோ சொன்னதை நம்பி நான் இருந்துவிட்டேன். பின்னால் வங்கி கேட்டபோது கையில் ஒன்றுமில்லை, கடன் நான்கு மாதம் தள்ளிப்போனது.

உள்ளாட்சியின் தொழில் உரிமமும், வீட்டு இணைப்பில் தொழில் செய்யாமல் மின் இணைப்பைத் தொழில் கட்டண வகைக்கு மாற்றுவதும் அதோடு சேர்த்து முடிக்க வேண்டியவை.

உணவுப் பாதுகாப்புப் பதிவு, உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் ஃபாஸ்காஸ் தளத்தில். நான் எடுத்தபோது ஆண்டு விற்றுமுதல் 12 லட்சம் வரை பதிவு போதும், கட்டணம் ஆண்டுக்கு 100 ரூபாய். வரம்பு மாறக்கூடியது, விண்ணப்பிக்கும் அன்று தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். விதிப்படி 7 நாளில் பதிவு வர வேண்டும், அல்லது நேரில் பார்க்க வருவதாக அறிவிப்பு வர வேண்டும். ஆய்வு என்றால் 30 நாள் வரை ஆகும். பொருளின் வகை கேட்கும் இடத்தில் "கடல்பாசி" என்று நிரப்பாதீர்கள். நீங்கள் விற்பது அகர், அது உணவுச் சேர்பொருள், சேர்பொருள்களுக்கான சர்வதேச எண் 406. நான் தவறாக நிரப்பி விண்ணப்பம் திரும்பி வந்தது.

பலருக்கும் தெரியாதது எடையளவுச் சட்டப் பதிவு. பாக்கெட் போட்டு விற்கத் தொடங்கிய 90 நாளுக்குள் பொதியாளராகப் பதிய வேண்டும், கட்டணம் 500 ரூபாய். பாக்கெட்டில் நிகர எடை, விலை, பொதித்த மாதம், தொகுதி எண், முகவரி, புகார் சொல்லத் தொலைபேசி எண், 14 இலக்க உணவுப் பதிவு எண், பச்சைப் புள்ளி எல்லாம் வேண்டும். பதிவு எண் கைக்கு வருவதற்கு முன் பாக்கெட் அச்சடிக்காதீர்கள். என்னிடம் இன்னமும் 3,000 வெற்றுப் பாக்கெட் கிடக்கிறது.

ஜிஎஸ்டி: மாநிலத்துக்குள் மட்டும் பொருள் விற்றால் 40 லட்சம் வரை தேவையில்லை. ஆனால் கொச்சிக்கோ பெங்களூருக்கோ ஒரு பெட்டி அனுப்பினாலும் பதிவு கட்டாயம். அகருக்குச் சரக்குக் குறியீடு 1302 31. பாசிக்கான குறியீட்டைப் போட்டுவிடாதீர்கள்.

மானியம் வேண்டும் என்றால் மாவட்டத் தொழில் மையத்துக்கு முதலிலேயே போங்கள். குறு உணவுப் பதப்படுத்தும் தொழில்களுக்கான மத்தியத் திட்டத்தில் 35 சதவீதம், 10 லட்சம் உச்சவரம்பு வரை கடனோடு சேர்ந்த மானியம் கொடுத்துவந்தார்கள். நீங்கள் போகும் நேரத்தில் எந்தத் திட்டம் நடப்பில் இருக்கிறது என்று அங்கேயே கேளுங்கள். கடன் ஒப்புதலுக்கு முன் வாங்கிய பாத்திரமும் ஃப்ரீசரும் கணக்கில் வராது. நான் ஆர்வத்தில் எல்லாவற்றையும் வாங்கிவிட்டுத்தான் போய்க் கேட்டேன்.

9. செலவும் காலமும்

5 கிலோ தொகுதிக்கு என் கணக்கு: பாசி 350 ரூபாய், எரிவாயு 3 கிலோவுக்கு 285, தண்ணீர் 120, காஸ்டிக், அமிலம் 90, மின்சாரம் 70. கூலி சேர்க்காமல் 915. கிடைத்த அகர் 550 முதல் 600 கிராம். கடையில் 10 கிராம் பாக்கெட் விலையைக் கிலோவுக்குப் பெருக்கிப் பார்த்து மகிழ்ந்துவிடாதீர்கள். மொத்த வியாபாரி தருவது அதில் பாதிக்கும் கீழே. இரண்டு பேரின் மூன்று நாள் உழைப்பைச் சேர்த்தால் 5 கிலோ தொகுதியில் லாபம் இல்லை. அதைப் பயிற்சியாக மட்டும் பாருங்கள். எனக்கு 25 கிலோ தொகுதிக்கு வந்த பிறகுதான் கூலி போக மிஞ்சத் தொடங்கியது. அதற்கு அழுத்தும் சட்டமும் இரண்டாவது ஃப்ரீசரும் வேண்டியிருந்தன.

பணம் போடுவதற்கு முன் மண்டபம் முகாமில் இருக்கும் மத்திய உப்பு மற்றும் கடல்சார் வேதிப்பொருள் ஆராய்ச்சி நிறுவனத்தின் பாசி ஆய்வு நிலையத்திலோ, மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மண்டல மையத்திலோ பயிற்சி எப்போது என்று கேட்டு, கையால் ஒரு முறை செய்து பாருங்கள். நான் அதை ஏழாவது மாதத்தில் செய்தேன். முதல் மாதத்தில் செய்திருக்க வேண்டும்.

ஒரு தொகுதிக்கு 8 முதல் 9 நாள். காகிதங்களுக்கு ஒழுங்காக ஓடினால் மூன்று மாதம். சந்தை சூடு பிடிப்பது நோன்புக்கு முந்தைய இரண்டு மாதம். நோன்பு ஆண்டுக்கு 10, 11 நாள் முன்னால் நகர்ந்துகொண்டே வருகிறது, 2027-இல் பிப்ரவரி இரண்டாம் வாரத்தையொட்டி வரும். கடைக்காரர்கள் டிசம்பரிலேயே சரக்கு கேட்பார்கள். அக்டோபர் பாதியிலிருந்து மழை, காயவைக்க முடியாது. ஆக உங்கள் சரக்கு செப்டம்பர் முடிவதற்குள் பைக்குள் இருக்க வேண்டும். பாசி மார்ச்சுக்குள், காகிதங்கள் ஜூனுக்குள், காய்ச்சுவது ஜூலை முதல்.

பிழிந்த சக்கையைத் தூக்கிப் போடாதீர்கள். காஸ்டிக் போட்ட தொகுதியின் சக்கையை மறுபடி இரண்டு முறை அலசி, சாணத்தோடு சேர்த்து இரண்டு மாதம் மக்கவிட்டு என் முருங்கைக்குப் போடுகிறேன். கப்பாஃபைகஸ் வைத்திருப்பவர்கள் மட்டும் மிஞ்சிய பச்சைத் துண்டைக் கடலில் எறியவே கூடாது. குருசடைத் தீவுப் பக்கம் அது பவளப் பாறைமேல் படர்ந்து மூடியிருக்கிறது. கரையிலேயே வெயிலில் முழுதாகக் காயவிட்டுப் பிறகு குப்பையில் சேருங்கள்.